கிளினிக் கல்லாவும் வீட்டு அஞ்சறைப் பெட்டியும்

திருக்கனூர் கடைவீதியிலோ, அதை ஒட்டிய மண்ணாடிப்பட்டு கொம்யூன் கிராமங்களிலோ ஒரு பிசியோதெரபி கிளினிக் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வீட்டின் முன்பக்க அறையில் இரண்டு கட்டில், ஒரு திரைச்சீலை, ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின், வலிக்குக் கரண்ட் வைக்கும் மெஷின் ஒன்று, மேஜை மேல் ஒரு கியூஆர் அட்டை. கரும்பு வெட்டி முதுகு பிடித்துக்கொண்டவர், நாற்று நட்டு இடுப்பு போனவர், பக்கவாதம் வந்து கை தூக்க முடியாத பெரியவர், கம்பெனியில் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கியவர் என்று ஆட்கள் வருகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள்.

வேலை நடக்கிறது. பணமும் வருகிறது. ஆனால் மாதக் கடைசியில் 'இந்த மாதம் கிளினிக்கில் எவ்வளவு மிச்சம்?' என்று கேட்டால் பதில் வராது. காலையில் வந்த 250 ரூபாய் பால்காரருக்குப் போயிருக்கும். மாலையில் வந்த 500 ரூபாய் பள்ளி வேனுக்குப் போயிருக்கும். கியூஆரில் விழுந்ததில் பாதி கேஸ் சிலிண்டருக்கும், மீதி மளிகைக்கும் போயிருக்கும். மெஷின் திடீரென்று நின்றுவிட்டால், கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போகும்.

இதில் யாரும் தப்பு செய்யவில்லை. ஊதாரித்தனமும் இல்லை. வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே பையில் இருந்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். பிசியோதெரபி மட்டுமல்ல, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, மனநல ஆலோசனை என்று தனியாக ஒரு அறை போட்டுச் சிகிச்சை தரும் எல்லோருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

வருமானம் வேறு, சம்பளம் வேறு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 8 பேர், ஒரு சிட்டிங்குக்கு 250 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 50,000 ரூபாய். வீட்டில் உள்ளவர்கள் மனதில் பதிவது இந்த ஐம்பதாயிரம்தான். 'மாசம் அம்பதாயிரம் சம்பாதிக்கிறா, வீட்டு லோனுக்கு இருபத்தஞ்சு கொடுத்தா என்ன?' என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

இப்போது செலவு. அறை வாடகை 6,000. கரண்ட் பில் 2,500. உதவிக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் 8,000. ஜெல், பஞ்சு, விரிப்பு, சலவை எல்லாம் சேர்த்து 1,500. மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை 5,000. அந்த மெஷின் பழுதானால் சரிபார்க்கவும், ஒருநாள் மாற்றவும் மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டியது 3,000. கூட்டினால் 26,000. மீதம் 24,000. அதிலும் எதிர்பாராத செலவுக்கு 4,000 ஒதுக்கினால், வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியது 20,000 ரூபாய்தான்.

ஐம்பதாயிரம் என்று நினைத்துச் செலவு செய்யும் வீட்டுக்கும் இருபதாயிரம் என்று தெரிந்து செலவு செய்யும் வீட்டுக்கும் இடையே மாதம் 30,000 ரூபாய் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் கைமாத்தும் நகைக்கடனும் வந்து நிரப்புகின்றன. புருஷன் பெண்டாட்டி சண்டையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வாடகை இல்லாமல் சொந்த வீட்டின் முன்னறையில் நடத்துபவர்களும் வாடகையை எழுதத்தான் வேண்டும். அந்த அறையை வெளியில் விட்டால் என்ன வாடகை வருமோ, அந்தத் தொகையைக் கிளினிக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாதாமாதம் மாற்றலாம். அப்படி எழுதிப் பார்த்தால்தான் கிளினிக் உண்மையிலேயே லாபத்தில் ஓடுகிறதா, இல்லை வீடு தாங்கிப் பிடிப்பதால் ஓடுகிறதா என்பது தெரியும். கரண்டும் அப்படித்தான். கிளினிக்குக்குத் தனி மீட்டர் இருந்தால் பில்லைப் பார்த்ததும் கணக்கு முடிந்துவிடும்.

கியூஆர் அட்டை யார் பெயரில்?

ஊர்ப்பக்கம் அடிக்கடி காணக்கூடிய ஒன்று உண்டு. கிளினிக் நடத்துவது மனைவி. படிப்பும் அவருடையது, உழைப்பும் அவருடையது. மேஜை மேல் இருக்கும் கியூஆர் மட்டும் கணவருடைய கணக்கில் இருக்கும். முதலில் ஒரு வசதிக்காக வைத்தது, அப்படியே நின்றுவிடும். சில வீடுகளில் மாமனார் கணக்கு, சில வீடுகளில் தம்பி கணக்கு.

சண்டை சச்சரவே இல்லாத வீட்டிலும் இது பெரிய நஷ்டம். ஐந்து வருடம் உழைத்த பிறகு புது மெஷினுக்கு வங்கிக்குப் போனால், அவர் பெயரில் ஒரு ரூபாய் வருமானமும் இருக்காது. வங்கி மேலாளர் கேட்பது கடந்த மாதங்களின் வங்கி அறிக்கையையும், வருமான வரித் தாக்கலையும். இரண்டிலும் அவர் பெயர் இல்லை. உழைத்தவர் காகிதத்தில் 'இல்லத்தரசி'யாக நிற்பார். கணவர் பக்கத்திலும் சிக்கல்தான். அவர் சம்பளத்துக்கு மேல் அவர் கணக்கில் விழும் தொகைக்கு வருமான வரித்துறை விளக்கம் கேட்டால், 'அது என் மனைவியின் கிளினிக் பணம்' என்று நிரூபிக்க அவர்தான் அலைய வேண்டும்.

ஆகவே முதல் வேலை, சிகிச்சை தருபவர் பெயரிலேயே தனிக் கணக்கு. கிளினிக் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கினால் நல்லது. சேமிப்புக் கணக்கு சொந்தச் சேமிப்புக்கானது. தொழில் வரவு செலவுக்கு உரியது நடப்புக் கணக்கு. நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் வைக்க வேண்டும். அதனால் எந்த வங்கியில் எவ்வளவு இருப்பு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

தனி உரிமையாளர் பெயரில் கிளினிக் கணக்கு தொடங்க, ஆதார், பான் தவிர, தொழில் நடப்பதற்குச் சான்றாகப் பொதுவாக இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள். உள்ளாட்சி உரிமம், தொழில் பதிவுச் சான்று, வருமான வரித் தாக்கல் போன்றவை அதில் அடங்கும். உத்யம் பதிவுச் சான்றும் செல்லும். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவு முழுக்க இலவசம். அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து நேரடியாகச் செய்துகொள்ளலாம். பணம் கேட்கும் போலித் தளங்களிடம் ஏமாற வேண்டியதில்லை.

கணக்கு வந்ததும் அதே கணக்குக்கு வணிகர் கியூஆர் வாங்கி மேஜை மேல் வைத்துவிட வேண்டும். பழைய அட்டையைக் கிழித்துப் போட வேண்டும். இரண்டையும் வைத்திருந்தால் பழக்கம் பழைய அட்டைக்கே போகும்.

கல்லாவுக்கும் ஒரு சட்டம்

கிராமத்தில் பாதிக்கு மேல் ரொக்கமாக வரும் கிளினிக்குகள் உண்டு. வயதானவர்கள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துத்தான் கொடுப்பார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு தகரப் பெட்டியும் ஒரு நோட்டும் போதும். தேதி, யார், எவ்வளவு, எதற்கு. நான்கே பத்தி. ராத்திரி பெட்டியில் இருப்பதை எண்ணி, நோட்டில் இருப்பதோடு சரிபார்த்து, வாரம் ஒருமுறை வங்கியில் கட்டிவிட வேண்டும்.

புதுச்சேரிக்கு இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. துபாஷியாகவும் வணிகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும் வரை எழுதிய நாட்குறிப்பு இன்று வரலாற்று ஆவணம். கிளினிக் நோட்டுக்கு அவ்வளவு பெருமை வேண்டாம். அன்றன்றைக்கு எழுதும் பழக்கம் மட்டும் போதும். மூன்று நாள் விட்டுப் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் அது கணக்காக இருக்காது.

பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுப்பது கூடாது என்று சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. அவசரத்துக்கு எடுக்கத்தான் செய்வார்கள். எடுத்தால் எழுத வேண்டும், அவ்வளவுதான். 'வீட்டுக்கு, 300' என்று ஒரு வரி. மாதக் கடைசியில் அந்த வரிகளைக் கூட்டி, அந்த மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்.

மாதம் ஒருநாள், ஒரு தொகை

தனக்குத் தானே சம்பளம் என்பது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் எல்லா மாற்றங்களிலும் வீட்டுக்கு உடனே நிம்மதி தருவது இதுதான். முந்தைய ஆறு மாதங்களில் மிகக் குறைவாக மிஞ்சிய மாதம் எது என்று பார்த்து, அந்தத் தொகையைச் சம்பளமாக வைத்துக்கொள்ளலாம். மாதம் 5-ஆம் தேதி கிளினிக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு அந்தத் தொகை போக வேண்டும். நல்ல மாதத்தில் மிஞ்சுவது கிளினிக் கணக்கிலேயே தங்கும்.

அது ஏன் தங்க வேண்டும்? தீபாவளி, பொங்கல் வாரங்களில் சிட்டிங் பாதியாகக் குறையும். நடவும் அறுவடையும் மும்முரமாக நடக்கும்போது வலி இருந்தாலும் ஆட்கள் வரமாட்டார்கள். மழை பிடித்துக்கொண்டால் கிராமத்துப் பெரியவர்கள் வெளியே கிளம்பமாட்டார்கள். அந்த மாதங்களிலும் உதவிப் பெண்ணுக்கு 8,000 கொடுத்தாக வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகை கிளினிக் கணக்கில் எப்போதும் இருந்தால், மழை மாதத்தில் நகை அடகுக்குப் போகாது.

முன்பணம் இன்னும் நம் பணம் அல்ல

சிகிச்சைத் தொழிலுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. '10 சிட்டிங் சேர்த்துக் கட்டினால் 2,200 ரூபாய்' என்ற பேக்கேஜ். நோயாளிக்கு 300 ரூபாய் லாபம், கிளினிக்குக்கு மொத்தமாகப் பணம். ஆனால் அந்த 2,200 ரூபாயும் கட்டிய அன்றே சம்பாதித்த பணம் ஆகிவிடாது. பத்து நாள் வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு சிட்டிங் முடியும்போதும் 220 ரூபாய்தான் கிளினிக்குடையதாகிறது.

மூன்று சிட்டிங் முடிந்ததும் அந்தப் பாட்டியை மகள் சென்னைக்கு அழைத்துப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிந்த வேலைக்கு 660 ரூபாய். திருப்பித் தர வேண்டியது 1,540 ரூபாய். அந்தப் பணம் ஏற்கெனவே பையனின் ஸ்கூல் பீஸாகப் போயிருந்தால் எங்கே போவது? 'அப்புறம் வாங்க, பார்க்கலாம்' என்று ஒருமுறை சொன்னால் போதும். சின்ன ஊரில் அந்தப் பேச்சு பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். கை வைத்தியத்தில் எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், பணத்தில் கெட்ட பெயர் வந்தால் ஆட்கள் வருவது நின்றுவிடும்.

எனவே முன்பணத்துக்கு நோட்டில் தனிப் பக்கம் வேண்டும். யார், எத்தனை சிட்டிங் கட்டினார், எத்தனை முடிந்தது, எவ்வளவு பாக்கி. பாக்கிகளின் மொத்தம் எவ்வளவோ, அந்த அளவு பணம் கிளினிக் கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் என்ன கணக்கில் திருப்பித் தரப்படும் என்பதையும் பணம் வாங்கும் அன்றே அட்டையில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

சித்தப்பாவுக்கு எப்படிக் கணக்கு எழுதுவது?

'நம்ம பொண்ணு கிளினிக்தானே' என்று வரும் சொந்தக்காரர்களிடம் காசு கேட்க யாருக்கும் மனம் வராது. கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் நோட்டில் எழுத வேண்டும். 'சித்தப்பா, 6 சிட்டிங், இலவசம்' என்று எழுதி வந்தால், ஒரு மாதத்தில் எத்தனை மணி நேரம் இலவசமாகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மாதம் இத்தனை இலவச சிட்டிங் என்று ஓர் எல்லையை வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொண்டால், மறுக்கும்போது மனஸ்தாபம் குறையும். உண்மையிலேயே வசதி இல்லாத நோயாளிக்கும் அந்த இலவசம் போய்ச் சேரும்.

வரியும் ஜிஎஸ்டியும்

வரிக்குப் பயந்துதான் பலர் தனிக் கணக்கே தொடங்குவதில்லை. உண்மையில் சிறிய கிளினிக்குக்குப் பயப்பட அதிகம் இல்லை. மருத்துவம் உள்ளிட்ட குறிப்பிட்ட தொழில்களுக்கு, மொத்த வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டும் எளிய முறை உண்டு. ஆண்டு வரவு 50 லட்சம் வரை இருப்பவர்கள் இதைப் பயன்படுத்தலாம். ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்கு மிகாவிட்டால் 75 லட்சம் வரை. தன் தொழிலுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிட்டால், பிறகு ஆண்டுதோறும் அதே வழிதான். மேலே போட்ட உதாரணத்தில் ஆண்டு வரவு 6 லட்சம், அதில் பாதி 3 லட்சம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம் வரை வரியே இல்லை. வரி வராவிட்டாலும் தாக்கல் செய்து வைத்தால், கடன் கேட்கும் நாளில் அந்தக் காகிதம் பேசும்.

சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கட்டினால், அந்தத் தகவலை வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். நடப்புக் கணக்குக்கு இந்த வரம்பு 50 லட்சம். கணக்கு எழுதி வைத்தவருக்கு இதில் கவலை இல்லை.

ஜிஎஸ்டியில் நோய்க்கும் காயத்துக்கும் தரும் சிகிச்சைக்கு 2017 முதலே விலக்கு உண்டு. ஆனால் இடுப்பு பெல்ட், முழங்கால் உறை, உடற்பயிற்சி ரப்பர் பேண்ட் என்று கிளினிக்கிலேயே விற்றால், அது பொருள் விற்பனை. அதற்கு விலக்கு கிடையாது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். புதுச்சேரியில் அது 20 லட்சம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் சொன்ன கணக்கு இங்கே செல்லாது. பெல்ட் விற்பனையைத் தனிப் பக்கத்தில் எழுதி வந்தால், எது சிகிச்சைப் பணம், எது விற்பனைப் பணம் என்று பிரித்துக் காட்ட முடியும்.

நோயாளியின் பெயர் வீட்டு போனில்

பணத்தைப் பிரிப்பதில் பணத்தைவிடப் பெரிய ஒரு காரணமும் இருக்கிறது. வீட்டு போனில் இருக்கும் யு.பி.ஐ.யில் கிளினிக் பணம் வந்தால், யார் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார் என்பது வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். முதுகு வலிக்கு வந்தவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார். மன அழுத்தத்துக்கு ஆலோசனைக்கு வந்த பெண்ணுக்கும், பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசியும் பிரச்னைக்குப் பயிற்சிக்கு வந்தவருக்கும் அது பெரிய விஷயம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது அவரது உரிமை என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. கிளினிக்குக்குத் தனி எண், தனி போன் என்பதை ஆடம்பரமாக நினைக்க வேண்டியதில்லை.

கணக்கைப் பிரித்தாலும் கடன் பிரியாது

இங்கே ஒரு தெளிவு தேவை. ஒருவர் மட்டும் நடத்தும் கிளினிக்கில் உரிமையாளரும் தொழிலும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள்தான். தனிக் கணக்கு தொடங்கியதாலேயே, கிளினிக் கடனுக்கு வீட்டுச் சொத்து பொறுப்பாகாது என்று ஆகிவிடாது. அந்தப் பிரிவு வேண்டுமானால் ஒரு நபர் நிறுவனமாகவோ, கூட்டாளி இருந்தால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எல்எல்பியாகவோ பதிய வேண்டும். அப்போதும் சொந்த ஜாமீன் கையெழுத்து போட்டால் அந்தப் பொறுப்பு தொடரும். இரண்டு கட்டில் கிளினிக்குக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் கிளினிக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கும் முன் குடும்பம் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும்.

கடன் தேவைப்பட்டால், 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் வாங்க வழி இருக்கிறது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை. சுத்தமான வங்கி அறிக்கை இருப்பவருக்கு அந்த வரிசையில் நிற்பது எளிது.

செட்டிநாட்டு வீடுகளில் இருந்த தெளிவு

தமிழர்களுக்கு இந்தப் பிரிவினை பழைய பாடம். பர்மா, மலாயா, இலங்கை என்று லேவாதேவி நடத்திய நகரத்தார்கள் ஊரில் இருந்த வீட்டுக் கணக்கையும் கடல் கடந்த கடைக் கணக்கையும் கலக்கவில்லை. கடையை நடத்தப் போன ஏஜென்ட்டுக்குச் சம்பளம், தவணைக் காலம், கணக்கு ஒப்படைப்பு எல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. பெண் கொண்டுவந்த சீதனப் பணம்கூட அவர் பெயரில் தனிக் கணக்காக எழுதப்பட்டு வட்டியோடு வளர்ந்தது. கணவர் தொழிலில் அந்தப் பணம் புரண்டாலும் யாருடையது என்பது ஏட்டில் இருந்தது. இன்று கணவர் கியூஆரில் கிளினிக் பணம் வாங்கும் பெண்களுக்கு இதில் யோசிக்க விஷயம் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் வாரம் ஒரு நோட்டு, ஒரு பெட்டி. வரவையும் செலவையும் எழுதுவது மட்டும். இரண்டாவது வாரம் உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு. மூன்றாவது வாரம் புது கியூஆர், முன்பணப் பக்கம். நான்காவது வாரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, கிளினிக்கில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, சம்பளத் தொகையை முடிவு செய்வது.

அந்த நான்காவது வாரப் பேச்சு கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். ஐம்பதாயிரம் என்று நினைத்திருந்த வீட்டில் இருபதாயிரம் என்று தெரியவரும்போது முகம் வாடும். சீட்டுப் பணத்தைக் குறைக்க வேண்டி வரலாம், வண்டி வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டி வரலாம். ஆனால் அன்றைக்குப் பிறகு, மெஷின் பழுதானால் அதற்கென்று ஒதுக்கிய பணம் இருக்கும். பாட்டி பேக்கேஜை நிறுத்தினால் திருப்பித் தரப் பணம் இருக்கும். சிட்டிங் கட்டணத்தை 250-லிருந்து 300 ஆக்கலாமா என்ற கேள்விக்கும் நோட்டைப் பார்த்தே பதில் சொல்ல முடியும்.